மண் வனையக் கற்கும் முதல் மாலை: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மட்பாண்ட வகுப்புக்கு முதல் தடவை போகிறவர்கள் எல்லாரும் சக்கரத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டு போகிறார்கள். தண்ணீரைப் பற்றி யோசித்துக்கொண்டு போங்கள் என்பேன் நான். மண் கையில் வழுக்குவது, சுவர் சரிந்து விழுவது, காயும்போது அடியில் விரிசல் விடுவது, சூளைக்குள் பாத்திரம் வெடிப்பது, பூச்சு ஒரு பக்கம் திட்டாக நிற்பது என்று புதியவர்களுக்கு நேரும் தொல்லைகளில் பெரும்பாலானவை தண்ணீரில்தான் தொடங்குகின்றன. எந்தக் கட்டத்தில் எவ்வளவு ஈரம் வேண்டும் என்று புரிந்துவிட்டால் மீதியைக் கை தானே கற்றுக்கொள்ளும்.

களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணிய, தட்டையான தகடுகள். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே கொஞ்சம் தண்ணீர் விட்டால் அவை ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், ஆனால் எளிதில் பிரிந்து வராது. களிமண்ணுக்குள் நடப்பதும் அதுதான். தள்ளினால் நகர்கிறது, விட்டால் விட்ட இடத்தில் நிற்கிறது. வகுப்பில் உங்கள் கையில் தரும் மண்ணின் எடையில் ஏறக்குறைய 20 முதல் 25 சதவீதம் தண்ணீர். அந்தத் தண்ணீர் முழுவதும் வெளியேறி, மண் நெருப்பில் இறுகி முடியும்போது, பாத்திரம் உயரம், அகலம் என்று ஒவ்வொரு அளவிலும் சுமார் 10 முதல் 12 சதவீதம் சுருங்கியிருக்கும். பெரிய கோப்பை வேண்டும் என்று நினைத்தால் அதைவிடப் பெரிதாகவே வனைய வேண்டும்.

எந்த வகுப்பில் சேர்வது

மாலை வகுப்புகளில் இரண்டு வகை உண்டு. ஒரே மாலையில் தொட்டுப் பார்த்துவிட்டு வருவது ஒன்று. வாரம் ஒரு மாலை என்று சில வாரங்கள் தொடர்வது இன்னொன்று. மண் உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள முதல் வகை போதும். ஒரு பாத்திரத்தை முதலிலிருந்து கடைசி வரை நீங்களே செய்ய வேண்டும் என்றால் இரண்டாவதுதான் வழி. வனைவதற்கும் அடியைச் சீவுவதற்கும் இடையே மண் இறுக வேண்டும். சீவியதற்கும் சுடுவதற்கும் இடையே காய வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் இதையெல்லாம் அடக்க முடியாது. ஒரு நாள் வகுப்புகளில் சீவுவது, பூச்சு பூசுவது எல்லாம் பட்டறைக்காரர்களே செய்து தருவார்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. ஆளுக்கு ஒரு சக்கரமா, இல்லை முறை வைத்தா? சுடுவதற்கான கட்டணம் சேர்ந்ததா, தனியா? எத்தனை பாத்திரம் வைத்துக்கொள்ளலாம்? முடிந்த பாத்திரம் எத்தனை வாரத்தில் கையில் கிடைக்கும்? பொதுவாக மூன்று நான்கு வாரம் ஆகும். சூளை நிரம்பும் வரை காத்திருக்கும் பட்டறைகளில் அதற்கு மேலும் போகும். யாருக்காவது பரிசாகத் தர நினைத்துச் சேர்ந்தால் இந்தக் கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள்.

வகுப்பில் எத்தனை பேர் என்பதையும் கேளுங்கள். மண்ணை மையத்தில் நிறுத்தக் கற்கும்போது ஆசிரியர் பக்கத்தில் வந்து உங்கள் முழங்கை எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கூட்டம் அதிகமான வகுப்பில் அது நடக்காது. ஆசிரியர் ஒருவருக்கு ஆறு முதல் எட்டுப் பேர் என்றால் நல்லது.

முதல் மாலையே சக்கரத்தில் உட்கார வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. சீனாவின் சியான்ரென்தொங் குகையில் கிடைத்த பானை ஓடுகள் சுமார் 20,000 ஆண்டுகள் பழையவை. சக்கரம் புழக்கத்துக்கு வந்து சுமார் 6,000 ஆண்டுகள்தான். இடைப்பட்ட காலம் முழுவதும் மனிதர்கள் கையால் கிள்ளியும், திரித்த மண்ணை வளையம் வளையமாக அடுக்கியும், தகடாகத் தட்டி ஒட்டியும்தான் பாண்டம் செய்தார்கள். கையால் செய்யும் வகுப்பில் முதல் நாளே உருப்படியான ஒரு கிண்ணம் வந்துவிடும். சக்கரத்தில் அதற்குச் சில வாரங்கள் ஆகலாம். பொறுமை குறைந்தவர்கள், மணிக்கட்டிலோ இடுப்பிலோ வலி உள்ளவர்கள், பிள்ளைகளோடு சேர்ந்து வருகிறவர்கள் எல்லாரும் கைவேலையில் தொடங்குவதே நல்லது. ஆனாலும் சக்கரத்தின் மேல் ஆசை என்றால் சக்கரத்துக்கே போங்கள். ஆசை இருக்கும் இடத்தில் கை சீக்கிரம் பழகும்.

போகும் முன்

நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுப் போங்கள். நீண்ட நகம் ஈர மண்ணில் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு கிழிக்கும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். தலைமுடி நீளமென்றால் இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். துப்பட்டாவோ சேலைத் தலைப்போ தொங்கும் உடையில் சுழலும் சக்கரத்தின் முன் உட்காரக் கூடாது. காலை இரண்டு பக்கமும் அகட்டி உட்கார வேண்டியிருப்பதால் தளர்வான பேன்ட் வசதி. காலுக்கு மூடிய செருப்பு.

உடையில் மண் படும், அதில் சந்தேகம் வேண்டாம். பட்டதும் ஈரத்தோடு தேய்த்தால் இன்னும் உள்ளே இறங்கும். காயவிட்டு, வெளியே நின்று உதறிவிட்டு, பிறகு துவைத்தால் போய்விடும். இரும்புச் சத்து மிகுந்த செம்மண் வகைகள் மட்டும் வெள்ளைத் துணியில் கறை விடலாம். பழைய துண்டு ஒன்றும், வீட்டுக்குப் போனதும் கையில் தடவ எண்ணெயோ களிம்போ வைத்துக்கொள்ளுங்கள். மண் தோலின் எண்ணெய்ப் பசையை இழுத்துவிடும். கையில் திறந்த காயம் இருந்தால் அன்று வேண்டாம், அடுத்த வாரம் போகலாம்.

கருவி எதுவும் வாங்க வேண்டாம். அறுப்புக் கம்பி, ஸ்பாஞ்ச், மரக்கத்தி, சீவும் வளையக் கருவி, ஊசி எல்லாம் பட்டறையிலேயே இருக்கும். எந்தக் கருவி உங்கள் கைக்கு ஒத்துவருகிறது என்று தெரியாமல் வாங்குவது வீண்செலவு.

மண்ணைப் பிசைவது

முதல் அரைமணி நேரம் பிசைவதில் போகும். இதைச் சடங்காக நினைத்து அவசரமாக முடிக்காதீர்கள். பிசைவதால் ஈரம் எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பரவுகிறது. ஒரு பக்கம் கட்டியும் ஒரு பக்கம் குழைவுமாக இருக்கும் மண்ணைச் சக்கரத்தில் எவ்வளவு திறமைசாலியாலும் மையத்தில் நிறுத்த முடியாது. உள்ளே சிக்கிய காற்றும் பிசையும்போது வெளியேறுகிறது.

காற்றுக்குமிழி இருந்தால் சூளையில் பாத்திரம் வெடிக்கும் என்று பல வகுப்புகளில் சொல்வார்கள். வெடிக்க வைப்பது பெரும்பாலும் காற்றல்ல, மண்ணுக்குள் மிச்சமிருக்கும் ஈரம். தண்ணீர் ஆவியாகும்போது அதன் கன அளவு 1,600 மடங்குக்கும் மேல் பெருகுகிறது. வெளியே வர வழி கிடைக்காவிட்டால் சுவரைப் பிளந்துகொண்டு வரும். காற்றுக்குமிழியின் தொல்லை வேறு வகை: நீங்கள் சுவரை மேலே இழுக்கும்போது அந்த இடத்தில் மட்டும் மண் துள்ளும், விளிம்பு கோணலாகும்.

பிசையும்போது கை பலத்தை மட்டும் நம்பாதீர்கள். மேசை இடுப்பு உயரத்துக்குக் கீழே இருக்கட்டும். ஒரு காலை முன்னே வைத்து, உடம்பின் எடையை உள்ளங்கை வழியாக மண்ணின் மேல் இறக்குங்கள். மண்ணை உருட்டி உங்கள் பக்கம் இழுப்பது, மறுபடி முன்னோக்கி அழுத்துவது, கொஞ்சம் திருப்புவது, இதுதான் தாளம். மடித்து ஒட்டாதீர்கள், மடிப்புக்குள் காற்று போய் உட்காரும். ஐம்பது தடவை அழுத்திய பிறகு கம்பியால் நடுவில் அறுத்துப் பாருங்கள். வெட்டுமுகம் ஓட்டையில்லாமல், ஒரே நிறமாக இருந்தால் மண் தயார். 500 கிராம் முதல் 1 கிலோ வரை உள்ள உருண்டைகளாகப் பிரித்து, ஈரத் துணி போட்டு மூடி வையுங்கள். மூடாமல் வைத்த உருண்டையின் தோல் சீக்கிரமே காய்ந்துவிடும்.

மையத்தில் நிறுத்துவது

மாலையின் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்கிவிடுங்கள். இது வந்தால் மற்றதெல்லாம் வரும். இது வராமல் அடுத்த படிக்குப் போனால் அடுத்தடுத்து எல்லாம் கோணலாகவே போகும்.

சக்கரத்தட்டு உலர்ந்தும் இல்லாமல் நனைந்தும் இல்லாமல், ஈரத்துணியால் துடைத்த மாதிரி இருக்க வேண்டும். தண்ணீர் நின்றால் மண் ஒட்டாது. உருண்டையை நடுவில் பலமாக அறைந்து வைத்து, அடியைச் சுற்றி விரலால் அழுத்தி ஒட்டுங்கள். பிறகு உட்காரும் விதம். முழங்கைகள் காற்றில் மிதக்கக் கூடாது. தொடையின் மேலோ இடுப்பெலும்பின் மேலோ ஊன்றிக்கொள்ள வேண்டும். உங்கள் கை ஆடினால் மண் ஆடும். கை அசையாமல் நின்றால் சுழலும் மண் தானே கைக்குள் வந்து அடங்கும். புதியவர்கள் மண்ணைத் துரத்திக்கொண்டு போகிறார்கள். அது துள்ளும் பக்கமெல்லாம் கையும் துள்ளுகிறது. செய்ய வேண்டியது நேர் எதிர்.

சக்கரம் வேகமாக ஓடட்டும். கையை நனைத்துக்கொள்ளுங்கள். இடது உள்ளங்கை பக்கவாட்டில் தாங்கிப் பிடிக்க, வலது கையின் ஓரம் மேலிருந்து அழுத்தட்டும். இரண்டு கையும் எங்காவது ஒரு இடத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் பக்கங்களை நெருக்கி மண்ணைக் கூம்பாக மேலே ஏற்றுங்கள். மேலிருந்து அழுத்திக் கீழே இறக்குங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியை மண்ணின் பக்கத்தில் லேசாக வைத்துப் பாருங்கள். மண் விரலை இடிக்கவில்லை என்றால் அது மையத்துக்கு வந்துவிட்டது. கண்ணைவிட விரல் இதைத் துல்லியமாகச் சொல்லும்.

இன்னொன்று, கையைச் சட்டென்று எடுக்கவே எடுக்காதீர்கள். மூச்சுவிடும் நிதானத்தில் அழுத்தத்தைக் குறைத்து, மெல்ல விலகுங்கள். திடீரென்று எடுத்தால் கடைசியாக விரல் இருந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்து, மண் மறுபடி ஆடத் தொடங்கும். இது வனைவதன் எல்லாக் கட்டத்துக்கும் பொருந்தும்.

இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் முதலிலேயே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். பல பட்டறைகளில் சக்கரத்தை இடஞ்சுழியாக ஓட்டுவார்கள். ஜப்பானிய மரபில் வலஞ்சுழி. மின்சக்கரங்கள் பலவற்றில் திசை மாற்றும் சுவிட்ச் உண்டு. இரண்டு திசையிலும் ஓட்டிப் பார்த்து, கைக்கு எது இசைகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் எவ்வளவு? உராய்வு தெரியாத அளவு, அவ்வளவுதான். கை மண்ணில் பிடிக்கிற மாதிரி உணர்ந்தால் நனையுங்கள். சேறு முழங்கை வரை வழிகிறதென்றால் நனைத்தது அதிகம். மண் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. ஒரே உருண்டையோடு அரைமணி நேரம் போராடினால் அது ஊறிப்போய்த் தளர்ந்துவிடும், பிறகு அதில் எதுவும் நிற்காது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் வழிக்கு வராத மண்ணை அறுத்து எடுத்து வைத்துவிட்டு, புது உருண்டையை எடுங்கள்.

குழித்தலும் இழுத்தலும்

மையத்தில் நின்ற மண்ணின் நடுவில் கட்டைவிரலை இறக்குங்கள். அடியில் சுமார் 7 அல்லது 8 மில்லிமீட்டர் மண் மிச்சமிருக்க வேண்டும். சக்கரத்தை நிறுத்தி, ஊசியை அடியில் குத்திப் பார்த்தால் ஆழம் தெரியும். அந்த ஓட்டை தானே மூடிக்கொள்ளும். பிறகு குழியை அகலப்படுத்தி, அடிப்பகுதியை விரலாலோ ஸ்பாஞ்சாலோ நடுவுக்கும் ஓரத்துக்குமாக நன்றாக அழுத்தித் தேயுங்கள். புதியவர்கள் மறந்துபோகும் வேலை இது. அழுத்தாத அடி, காயும்போதோ சுடும்போதோ நடுவில் பாம்பு நெளிந்த மாதிரி விரியும். அந்த விரிசலைப் பிறகு சரிசெய்ய வழியில்லை.

சுவரை இழுக்கும்போது வேகத்தைக் குறையுங்கள். இடது கைவிரல் உள்ளே, வலது கைவிரல் வெளியே. இரண்டுக்கும் நடுவில் மண். அடியிலிருந்து தொடங்கி, ஒரே அழுத்தத்தோடு, சக்கரம் சுற்றும் வேகத்துக்கு ஏற்ற நிதானத்தில் மேலே வாருங்கள். அவசரமாக ஏறினால் சுவரில் திருகாணி மாதிரி கோடு விழும். விளிம்புக்கு அருகில் அழுத்தத்தைத் தளர்த்துங்கள். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் விளிம்பை ஈரப் பஞ்சால் மெல்லப் பிடித்துச் சமப்படுத்துங்கள். மூன்று நான்கு இழுப்பில் முடித்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தொட்டுக்கொண்டே இருந்தால் சுவர் ஊறி உட்கார்ந்துவிடும்.

முதல் மாலைக்கு உருளை வடிவம் போதும். நேராக நிற்கும் ஒரு குவளை. மண்ணுக்கு வெளிப்பக்கம் விரியத்தான் எப்போதும் விருப்பம், ஏனென்றால் சுழலும் வேகம் அதை வெளியே தள்ளுகிறது. அதை உள்ளே அடக்கி நேராக நிறுத்தக் கற்றால் கிண்ணமும் ஜாடியும் அதிலிருந்து வரும். தட்டு சுலபமாகத் தெரியும், ஆனால் காயும்போது வளைந்து படுத்தும். தட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கட்டத்தில் ஒரு பாத்திரத்தையாவது கம்பியால் மேலிருந்து கீழாக நடுவில் அறுத்துப் பாருங்கள். சுவர் அடியில் தடித்தும் மேலே மெலிந்தும் இருப்பது கண்ணுக்கே தெரியும். எங்கே மண் மிச்சமாகிறது, எங்கே குறைகிறது என்று ஒரு மாலையில் இதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லித்தராது. மனம் வராதுதான். ஆனாலும் அறுங்கள். சுடாத மண்ணைத் திரும்பவும் மண்ணாக்கிவிடலாம். நன்றாகக் காயவிட்டுத் தண்ணீரில் போட்டால் கரைந்து சேறாகிவிடும். அதை இறுக வைத்துப் பிசைந்தால் மறுபடி புது உருண்டை. சூளையில் சுமார் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதுதான் மண்ணின் உள்ளமைப்பில் கட்டுண்டிருக்கும் தண்ணீர் பிரிந்து போகிறது. அதன் பிறகே திரும்பி வர முடியாது. அதுவரை எதுவும் வீணில்லை.

அறுத்து எடுக்கும் முன், பாத்திரத்துக்குள் தேங்கிய தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துவிடுங்கள். கம்பியை இரண்டு கையாலும் இறுக இழுத்துப் பிடித்து, தட்டோடு ஒட்டி இழுங்கள். கை உலர்ந்திருக்கும்போது தூக்கினால் பாத்திரம் நெளியாது. நெளிந்தாலும் உடனே சரிசெய்யப் போகாதீர்கள். கொஞ்சம் இறுகியதும் தட்டிச் சரிசெய்யலாம்.

தோல் பதம்

ஒன்றிரண்டு நாளில் மண் இறுகி, தொட்டால் குளிர்ச்சியாகவும் அழுத்தினால் வளையாமலும், நகத்தால் கீறினால் சுருளாகச் சீவி வருவதாகவும் இருக்கும். பதனிட்ட தோலின் உறுதி. அடியைச் சீவுவதும் கைப்பிடி ஒட்டுவதும் இந்தப் பதத்தில்தான். தொடர் வகுப்பு என்றால் முதல் மாலை செய்ததைப் பிளாஸ்டிக்கால் மூடி, பதம் போகாமல் அடுத்த வாரம் வரை வைப்பார்கள். உங்கள் பாத்திரத்தின் அடியில் பெயரோ குறியோ கீறிவிடுங்கள். பத்துப் பேர் செய்த பத்துக் குவளையும் காய்ந்த பிறகு ஒன்றுபோலவே இருக்கும்.

கைப்பிடி ஒட்டும்போது இரண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, மண்குழம்பு தடவி, அழுத்தி ஒட்ட வேண்டும். குவளையும் கைப்பிடியும் ஒரே ஈரத்தில் இருப்பது முக்கியம். காய்ந்த குவளையில் ஈரக் கைப்பிடியை ஒட்டினால் கைப்பிடி அதிகமாகச் சுருங்கும், ஒட்டிய இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும்.

அதன் பிறகு மெதுவாகக் காய வேண்டும். வெயிலிலோ விசிறிக் காற்றிலோ வைத்தால் விளிம்பு முதலில் காய்ந்து சுருங்கும், அடி ஈரமாகவே நிற்கும், நடுவே விரிசல். விளிம்பை மட்டும் தாளாலோ பிளாஸ்டிக்காலோ மூடி வைப்பது நல்ல பழக்கம். காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் ஒற்றிப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. முழுக்கக் காய்ந்த, ஆனால் இன்னும் சுடாத பாத்திரம்தான் எல்லாக் கட்டத்திலும் எளிதில் உடைவது. விளிம்பையோ கைப்பிடியையோ பிடித்துத் தூக்காதீர்கள். இரண்டு கையாலும் அடியிலிருந்து ஏந்துங்கள்.

சூளையும் பூச்சும்

சூளை ஆசிரியரின் பொறுப்பு. ஆனாலும் அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது. பெரும்பாலான பட்டறைகளில் இரண்டு தடவை சுடுவார்கள். முதல் சூடு 950 முதல் 1,000 டிகிரி வரை. இதில் பாத்திரம் உறுதியாகிறது, ஆனால் நுண்துளைகளோடு தண்ணீரை உறிஞ்சும் நிலையில் இருக்கிறது. அந்த உறிஞ்சும் குணம்தான் அடுத்து உதவுகிறது. பூச்சு என்பது கண்ணாடியாக உருகக்கூடிய பொடிகளைத் தண்ணீரில் கலந்த குழம்பு. பாத்திரத்தை அதில் முக்கியதும் மண் தண்ணீரை இழுத்துக்கொள்ள, பொடி மட்டும் மேலே படிந்து நிற்கிறது. இரண்டு மூன்று விநாடி போதும். அதிக நேரம் முக்கினால் பூச்சு தடித்து, இரண்டாவது சூட்டில் உருகும்போது வழிந்து சூளைத் தட்டில் ஒட்டும். அடியிலும், அடியை ஒட்டிய 3 மில்லிமீட்டர் வரையிலும் பூச்சைத் துடைத்துவிட வேண்டும். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பூச்சு பிடிக்காது, அதனால் முன்கூட்டியே கை கழுவி, ஈரப் பஞ்சால் பாத்திரத்தின் தூசியைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

வாளியில் தெரியும் நிறம் முடிவில் வரும் நிறம் கிடையாது. வாளியில் வெளிர் ஊதாவாக இருப்பது சூளையிலிருந்து ஆழ்ந்த நீலமாக வரலாம். பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கும் சுட்ட மாதிரித் துண்டுகளைப் பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். முதல் பாத்திரத்துக்கு ஒரே பூச்சு போதும். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசினால் உருகும்போது எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல அனுபவம் வேண்டும்.

மண் மூட்டைகளிலும் பூச்சு வாளிகளிலும் ‘கோன் 6’, ‘கோன் 06’ என்று எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். சூளைக்குள் வைக்கும் சிறு கூம்புகள் அவை. வெப்பத்தையும் அது நீடித்த நேரத்தையும் சேர்த்து உணர்ந்து, உரிய கட்டத்தில் வளையும். ஜெர்மனியின் ஹெர்மன் சேகர் 1886-இல் இந்த முறையை வெளியிட்டார். அமெரிக்காவில் எட்வர்ட் ஆர்ட்டன் 1896-இல் கோன் தயாரிக்கத் தொடங்கினார். ஆர்ட்டன் கணக்கில் கோன் 06 ஏறக்குறைய 1,000 டிகிரி, கோன் 6 ஏறக்குறைய 1,220 டிகிரி, கோன் 10 ஏறக்குறைய 1,285 டிகிரி. முன்னால் இருக்கும் பூஜ்யம் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் 200 டிகிரிக்கு மேல் வித்தியாசம். கோன் 06-க்கான மண்ணைக் கோன் 6-இல் சுட்டால் அது உப்பி வளையும், உருகிக்கூடப் போகலாம். பின்னாளில் சொந்தமாக மண்ணும் பூச்சும் வாங்கினால், இரண்டும் ஒரே கோனுக்கானவைதானா என்று முதலில் பாருங்கள்.

சாப்பிடவும் குடிக்கவும் பாத்திரம் செய்கிறீர்கள் என்றால், பூச்சு உணவுக்குப் பாதுகாப்பானதா, ஈயம் கலக்காததா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நல்ல பட்டறையில் பதில் தயாராக இருக்கும்.

தூசி

இதை மட்டும் கண்டிப்போடு சொல்கிறேன். களிமண்ணிலும் பூச்சுப் பொடிகளிலும் சிலிக்கா இருக்கிறது. அதன் நுண்தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் சிலிக்கோசிஸ் என்ற தீராத நோய் வரும். ஓரிரு மாலை போகிறவருக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆனால் அங்கே நாள் முழுதும் வேலை செய்யும் ஆசிரியர் உங்கள் தூசியையும் சேர்த்துத்தான் சுவாசிக்கிறார். ஆகவே காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஊதாதீர்கள், உலர்ந்த பாத்திரத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். எதையும் ஈரப் பஞ்சால் துடையுங்கள். சக்கரத்தையும் மேசையையும் மண் காய்வதற்குள் கழுவிவிடுங்கள். கழுவும் தண்ணீரை நேராகத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். முதலில் மண் படியும் வாளியில் கையையும் கருவியையும் அலசிவிட்டு, பிறகு குழாயடிக்குப் போங்கள்.

பாத்திரம் கைக்கு வந்ததும்

அடியை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் நீர்த்தாளை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்தால் மேசையைக் கீறாது. விளிம்பில் கூரிய பூச்சு முனை இருந்தால் அதில் வாய் வைக்காதீர்கள், பட்டறையில் கொடுத்துத் தேய்த்து வாங்குங்கள். பிறகு தண்ணீர் நிரப்பி, அடியில் ஒரு தாளை விரித்து, இரவு முழுவதும் வையுங்கள். காலையில் தாள் ஈரமாக இருந்தால் மண் முழுதாக இறுகவில்லை, அல்லது அடியில் மெல்லிய விரிசல் இருக்கிறது. அது பேனா வைக்கவோ காய்ந்த பூ வைக்கவோ பயன்படும். தாள் உலர்ந்தே இருந்தால் தாராளமாகக் குடிக்கப் பயன்படுத்தலாம். ஆனால் குளிர்ந்த பாத்திரத்தில் கொதிக்கும் நீரைத் திடீரென்று ஊற்றாமல், முதலில் வெதுவெதுப்பான நீரால் அலசிக்கொள்ளுங்கள்.

அடுத்த வகுப்புக்குப் போவதென்றால் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரத்துக்குள் போங்கள். முழங்கை எங்கே ஊன்றியிருந்தது, எவ்வளவு அழுத்தினால் மண் அடங்கியது என்பதெல்லாம் உடம்பில் நிற்கும் நினைவு. இடைவெளி நீண்டால் கலைந்துவிடும். போனதும் புது வடிவத்தைத் தேடாமல், அதே எடை உருண்டையில் அதே உருளையை மூன்று தடவை செய்யுங்கள். மூன்றின் உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள், ஒன்றை அறுத்துப் பாருங்கள், மிச்சத்தைக் கரைக்கும் வாளியில் போட்டுவிட்டு வாருங்கள்.